வாலில் வருகிறவர்

"குட்டக்கல் ஏத்தத்த செயினே இல்லாத சைக்கிள்ல ஏறினேன். ஒரு மிதி மிதிக்கல. ரெண்டு காலையும் ஹேண்டில்பார் மேல போட்டுக்கினு, ஒரு கொய்யாப்பழத்த முழுசா தின்னுக்கினே ஏறினேன். விதையக்கூடத் துப்பல."

ஜெயசீலன் இதைச் சொன்னது ஆம்பூர் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ராஜவேலுவின் டீக்கடையில். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் நம்பவில்லை. பெஞ்சுக்கடியில் படுத்திருந்த நாய் எழுந்து, உடம்பை உதறிவிட்டு, எதிர்க்கடைக்குப் போய்விட்டது.

நாயைக் குறை சொல்ல முடியாது. தோல் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம் ஸ்ப்ரே அடித்து ரிட்டையர் ஆனவர் ஜெயசீலன். வெறும் தோலுக்கு நிறமும் மினுமினுப்பும் ஏற்றுவது அவருடைய பிழைப்பு. வாயில் வரும் சேதிக்கும் அதையே செய்தார். பாலாற்றில் வெள்ளம் வந்த வருடம் ஓர் எருமை முதுகில் நின்றபடியே வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர் வந்து சேர்ந்தவர் அவர். பாதி வழியில் எருமைக்குக் கால் வலித்ததால் மீதித் தூரம் அவர்தான் அதைச் சுமந்தாராம்.

"பொய்."

மூலை பெஞ்சிலிருந்து அந்த ஒரு சொல் வந்தது. ஆறு தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. பொய் என்பது எல்லோருக்கும் தெரிந்த சேதிதான். சொன்ன ஆள்தான் விசேஷம். ஜான் பாஷா எட்டு மாதமாக ஜெயசீலனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஜான் பாஷா அதே தொழிற்சாலையில் தோலைத் தரம் பிரித்தவர். கண்ணை மூடிப் பெருவிரலால் ஒரு தடவு தடவினால் போதும். இங்கே உண்ணி கடித்தது, இங்கே முள்கம்பி கிழித்தது, இந்த மாட்டை விற்ற அன்று வீட்டுக்காரி அழுதாள் என்பதுவரை சொல்லிவிடுவார். பெருவிரலுக்குத் தட்டுப்படாத எதையும் அவர் நம்புவதில்லை.

"இன்னா பாய், எட்டு மாசம் வாயக் கட்டி வெச்சிருந்து, தொறந்ததும் இதான் வருதா?" என்றார் ஜெயசீலன். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் டீ கிளாஸைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"அன்னிக்குச் சொன்னதும் பொய். இன்னிக்குச் சொல்றதும் பொய்."

அன்றைக்குச் சொன்னது என்ன என்று கடையில் யாரும் கேட்கவில்லை. ஆம்பூருக்கே தெரிந்த கதை அது.

ஒரு காலத்தில் அவர்கள் மூன்று பேர். மூன்றாமவர் சமீருல்லா, சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தவர். வருடக்கணக்கில் சுண்ணாம்புத் தண்ணீரில் நின்றதால் அவர் எங்கே போனாலும் அந்த வாடை இரண்டடி முன்னால் போகும். தோலைப் போட்டுச் சுழற்றும் பீப்பாயின் கதவில் நசுங்கியதில் வலது கைச் சுண்டுவிரல் கொக்கி மாதிரி வளைந்து நின்றுவிட்டது. ஒரே வருடத்தில் மூவரும் ரிட்டையர் ஆனார்கள். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த தடித்த டயர் சைக்கிள்களில் ஞாயிற்றுக்கிழமை தோறும் மலையடிவாரம் கிளம்பினார்கள். லாரி இல்லாத, பஸ் இல்லாத, ஹாரன் சத்தமே இல்லாத பாதையைத் தேடி.

அப்படிப் பிடித்ததுதான் குட்டக்கல் ஏற்றம். கல் குவாரிக்காகப் போட்ட சரளைப் பாதை. குவாரியை மூடி ஆறு வருடம் ஆகிறது, லாரியும் நின்றுபோயிற்று. வழுக்கும் என்று பைக்காரர்களும் வருவதில்லை. மூன்று கிலோமீட்டர், மூன்று சிறுபாலங்கள், இரண்டு பக்கமும் உண்ணிச்செடி. உச்சியில் குவாரிப் பள்ளம், அறுபதடி ஆழத்தில் பச்சைத் தண்ணீர்.

சரளை ஏற்றத்தில் தலையைத் திருப்பினால் முன்சக்கரம் வழுக்கும். ஆளைச் சாய்த்துவிடும். அதனால் அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. தலையில் போகிறவர் ஜெயசீலன், நடுவில் ஜான் பாஷா, வாலில் சமீருல்லா. யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. வாலில் வருகிறவர் பாலத்துக்குப் பாலம் பெல்லை இரண்டு தட்டுத் தட்டுவார்: 'இருக்கேன்' என்று அர்த்தம். முன்னால் யாருக்காவது மூச்சு வாங்கினால், வால்காரர் வந்து முதுகில் கை வைத்துத் தள்ளுவார். தள்ளப்படுகிறவர் 'போதும்பா' என்று சொல்கிறவரை கையை எடுக்க மாட்டார். உச்சியில் சேர்ந்ததும் வரிசையாக எண் சொல்ல வேண்டும். ஒண்ணு, ரெண்டு, மூணு. முன்னவர் சொல்லாமல் பின்னவர் சொல்லக் கூடாது. மூன்றும் சொன்னால்தான் அன்றைய சவாரி முடிந்ததாகக் கணக்கு.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜான் பாஷா போகவில்லை. முட்டி வலி என்று போனில் சொல்லிவிட்டார். மற்ற இருவரும் போனார்கள். ஜெயசீலன் மட்டும் உச்சிக்கு வந்து சேர்ந்தார். இரண்டாவது பாலத்தருகே சமீருல்லா மாரடைத்து விழுந்து கிடந்தார். ஆடு மேய்க்கும் பங்கஜம் அவரைப் பார்த்தபோது ஊரில் தொழிற்சாலையின் பன்னிரண்டு மணிச் சங்கு இன்னும் ஊதவில்லை. உடம்பு சில்லிட்டுவிட்டது என்று அவள் சத்தியம் செய்தாள்.

ஜெயசீலனோ, சங்கு ஊதினபின் உச்சியில் நின்று "ஒண்ணு" என்று கூவியதாகவும், பின்னாலிருந்து பெல் இரண்டு தட்டு கேட்டதாகவும் சொன்னார். "வந்துக்கினு இருக்கான்னு நெனச்சேன். அதான் எறங்கிப் போய்ப் பாக்கல."

அடக்கம் முடிந்து கபர்ஸ்தான் வாசலில் வைத்து ஜான் பாஷா கேட்டார்: "செத்தவன் பெல் அடிச்சானா? கூட வந்தவன விட்டுட்டு ஓடிப் போய்ட்டு, கத உடுறியா?"

அதோடு சரி. எட்டு மாதம்.

"வர்ற ஞாயித்துக்கெழம," என்றார் ஜான் பாஷா இப்போது, "உன் சைக்கிள் செயின நானே கழட்டுறேன். ஏறிக் காட்டு."

ஜெயசீலனின் சிரிப்பு நின்றது. "வேணாம் பாய்."

"பயமா?"

"கொய்யாப்பழம் தின்னத மட்டும் சொன்னேன். மீதியச் சொல்லல." குரல் இறங்கியிருந்தது. "சரி, வா. நீ வந்தாத்தான் ஆவும்."

*

ஞாயிற்றுக்கிழமை, பதினொன்றரை. வேலூர்ப் பக்கத்து வெயில் எப்படிப்பட்டது என்றால், அன்று காக்கை நிழலைத் தேடி வந்து ஜான் பாஷாவின் நிழலில் உட்கார்ந்தது. அவர் நிழலே அப்போது ஒரு தட்டளவுதான்.

ஏற்றத்தின் அடியில் அவர் குனிந்து ஜெயசீலனின் சைக்கிள் செயினைக் கழற்றினார். ஒரு துணியில் சுற்றித் தன் ஜிப்பா பையில் போட்டுக்கொண்டார். பெடலைச் சுற்றிப் பார்த்தார். அது பாட்டுக்குச் சும்மா சுற்றியது.

"போன மாசம் இங்க வந்தப்ப செயின் அறுந்துபோச்சு," என்றார் ஜெயசீலன், சீட்டில் உட்கார்ந்தபடி. "எறங்கலாம்னு கால வெச்சேன். அதுக்குள்ள முதுகுல கை. ஜில்லுனு. மேல போயும் நிக்கல பாய். போதும்பா போதும்பான்னு கத்தினேன். எடுக்கல. பள்ளத்தப் பாத்து தள்ளுது. நானா சைக்கிளச் சாச்சு முள்ளுல வுழுந்தேன்." சட்டைக் கையை மேலே தூக்கிக் காட்டினார். முழங்கை நெடுக ஆறிய கீறல்கள்.

ஜான் பாஷா வழக்கம்போல் பெருவிரலால் தடவிப் பார்த்தார். உண்மையான முள். உண்மையான காயம்.

"முள்ளுல யார் வேணாலும் வுழலாம்," என்றார். "ரூஹ் ஒடம்ப வுட்டுப் போனா போனதுதான். திரும்பி வராது. நீ கண்ட கனவுக்கு நான் சாட்சியா?"

"அப்ப ஏன் வந்தே?"

அதற்கு ஜான் பாஷாவிடம் பதில் இருந்தது. வெளியே சொல்லும் பதில் அல்ல. சமீருல்லா விழுந்த அன்று அவருக்கு முட்டி வலியே இல்லை. பேரணாம்பட்டில் ஒரு கல்யாணம். பிரியாணியை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சாவுச் சேதி போனில் வந்தது. நடுவில் தான் இருந்திருந்தால், பின்னால் ஒருவன் விழுந்த சத்தம் கேட்டிருக்கும். ஜெயசீலன் பொய்யனாக இருக்கிறவரை குற்றம் ஜெயசீலனுடையது. அவன் சொன்னது மெய் என்றால் அது யாருடையது? எட்டு மாதமாக ஞாயிறுகளில் அவர் வீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இரண்டு நண்பர்களை ஒரே நாளில் இழந்த மனிதருக்குச் சுவர்தான் துணை.

"ஏறு," என்றார்.

ஜெயசீலன் ஒரு காலைத் தூக்கிப் பெடலில் வைத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஆட்டுமணி இல்லை, வண்டு இல்லை, இலைகூட அசையவில்லை. கீழே ஊர் ஒரு வெள்ளைப் புகைமூட்டமாகத் தெரிந்தது. ஜெயசீலனின் கழுத்தில் வேர்வை ஓடியது. செயின் இல்லாத சைக்கிள்மேல் ஒற்றைக் காலை ஊன்றி உட்கார்ந்திருக்கிற அறுபத்துமூன்று வயது மனிதர். பார்க்கவே பாவமாக இருந்தது.

"போதும் எறங்கு," என்றார் ஜான் பாஷா. ஜெயித்துவிட்டார். ஏனோ சந்தோஷம் வரவில்லை. "பொய்தான்னு ஒத்துக்க, போலாம்."

"பாய்... அந்த வாட வருது."

"இன்னா வாட?"

கேட்டு முடிக்கும்முன் அவருக்கும் வந்தது.

ஆம்பூரில் பிறந்தவர்களுக்குத் தோல் வாடை தெரியாது. மீனுக்குத் தண்ணீர் தெரியாத மாதிரி. தொழிற்சாலைகள் எல்லாம் பத்து கிலோமீட்டர் பின்னால். இங்கே காய்ந்த புல்லும் சூடான கல்லும் மட்டும்தான். ஆனால் வந்தது. ஊறிய மயிர், பச்சைச் சுண்ணாம்பு. இரண்டடி முன்னால் வருகிற வாடை.

ஜெயசீலனின் சைக்கிள் நகர்ந்தது.

மேட்டைப் பார்த்து.

சரளை நறநறவென்று அரைபட்டது. பெடல்கள் அசையவில்லை. ஜெயசீலன் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்திருந்தார். சக்கரம் சுற்றாமல் தேய்ந்துகொண்டே மேலே போயிற்று. அவர் வேர்வைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்த முதுகின் நடுவே, தோள்பட்டைகளுக்குக் கீழே, துணி உள்ளே அமுங்கியிருப்பதை ஜான் பாஷா பார்த்தார்.

ஓர் உள்ளங்கை அளவு. நான்கு விரல் நேராக. ஐந்தாவது கொக்கி மாதிரி வளைந்து.

பார்த்தது கண். பெருவிரல் அல்ல. அதனால் நம்பவில்லை. ஆனால் கால்கள் நம்பிவிட்டன. தன் சைக்கிளில் தாவி ஏறி மிதிக்கத் தொடங்கினார்.

முதல் பாலம்.

டிங் டிங்.

பெல் இரண்டு பேருக்கும் நடுவில் கேட்டது: முன்னால் போகும் ஜெயசீலனுக்குப் பின்னால், ஜான் பாஷாவுக்கு முன்னால். அங்கே வெயில் மட்டும் இருந்தது.

"கேட்டுச்சா பாய்?" ஜெயசீலன் திரும்பாமல் கத்தினார். "கேட்டுச்சான்னு சொல்லு!"

ஜான் பாஷா சொல்லவில்லை. மூச்சு இல்லை என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டார்.

இரண்டாவது பாலம். அந்த இடத்தில் பங்கஜம் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசியிருந்தாள். அதைத் தாண்டும்போது சைக்கிள் வேகம் எடுத்தது. ஜான் பாஷா எழுந்து நின்று மிதித்தார். எட்டு மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்த கால்கள் எரிந்தன.

டிங் டிங்.

மூன்றாவது பாலம். பாதை சமதளம் ஆகிற இடம். கீழே, எங்கோ தொலைவில், தொழிற்சாலைச் சங்கு பன்னிரண்டு மணி ஊதியது. நீளமாக, ஒற்றையாக, யாரையோ கூப்பிட்டு யாரும் வராத மாதிரி.

"ஒண்ணு!" என்று கத்தினார் ஜெயசீலன். "ஒண்ணு! போதும்பா! சமீரு, போதும்பா!"

கை விலகவில்லை.

சைக்கிள் பாதையை விட்டு விலகியது. முள்புதர் இடப்பக்கம் போயிற்று. எதிரே வேலியில்லாத விளிம்பு. அதற்கப்பால் ஒன்றுமில்லை, வானம்.

நாற்பதடி.

"ஒண்ணு!"

முப்பதடி. ஜெயசீலன் அழுதுகொண்டிருந்தார். அழுதுகொண்டே சொன்னார், கத்தாமல், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல: "பாய் சொல்ல மாட்டான் சமீரு. அவன் என்ன நம்பல. விட்ருப்பா."

அப்போதுதான் ஜான் பாஷாவுக்கு விளங்கியது.

வால்காரர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று. முன்னவர் சொல்லாமல் பின்னவர் சொல்லக் கூடாது. அன்றைக்கு இந்த இடத்தில் 'ஒண்ணு' சொல்ல ஆள் இருந்தது. 'மூணு' சொல்ல வேண்டியவரும் எப்படியோ வந்து சேர்ந்திருந்தார். நடு எண்ணுக்கு உரியவர் பேரணாம்பட்டில் எலும்பு கடித்துக்கொண்டிருந்தார். எட்டு மாதமாக முடியாத ஒரு சவாரி.

இருபதடி.

அந்த எண்ணைச் சொன்னால் வந்ததாக ஆகும். அன்றைக்கு வராததையும் ஒப்புக்கொண்டதாக ஆகும்.

பத்தடி. முன்சக்கரத்தின் கீழிருந்து ஒரு கல் உருண்டு விளிம்பைத் தாண்டியது. அது தண்ணீரில் விழும் சத்தத்துக்காக ஜான் பாஷாவின் காது காத்திருந்தது. அவ்வளவு நேரம் ஆயிற்று.

"ரெண்டு!"

தொண்டை கிழிந்தது. "ரெண்டுடா சமீரு! வந்துட்டேன்! ரெண்டு!"

சைக்கிள் நின்றது. ஜெயசீலன் மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்து சரளையில் விழுந்தார். முன்சக்கரம் வெற்றுவெளியில் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

ஜான் பாஷா பிரேக் பிடித்துக் காலை ஊன்றினார்.

அதன்பிறகு சுண்ணாம்பு வாடை ஜான் பாஷாவைக் கடந்து பின்னால் போயிற்று. அவரவர் இடத்துக்கு அவரவர் போவதுபோல. அவருக்குப் பின்னால், மூன்றாவது ஆள் நிற்க வேண்டிய இடத்தில் சரளை நறநறத்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டம்.

குரல் வரவில்லை. பெல் வந்தது. இரண்டு தட்டு அல்ல.

டிங். டிங். டிங்.

*

ராஜவேலு கடைக்கு அவர்கள் திரும்பியபோது மணி மூன்று. இறக்கத்தில் ஜெயசீலன் முன்னால், ஜான் பாஷா பின்னால். வழியில் கல்யாணத்தையும் பிரியாணியையும் ஜான் பாஷா சொல்லிவிட்டார். ஜெயசீலன் "மட்டனா, சிக்கனா?" என்று மட்டும் கேட்டார்.

கடையில் அதே ஆறு பேர். நாயும் திரும்பி வந்திருந்தது.

"இன்னாச்சு?" என்றார் ராஜவேலு. "பேய் தள்ளுச்சா, இல்ல கொய்யாப்பழம் தள்ளுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயசீலன், ஆயுளில் முதல்முறையாக, வாயைத் திறக்கவில்லை. டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

"பாய், நீயாச்சும் சொல்லு. நீதான் பொய்யே பேசாத ஆளாச்சே."

ஜான் பாஷா டீயை வைத்துவிட்டு எழுந்து, திரும்பி நின்று, முதுகைக் காட்டினார்.

மூன்று மணி வெயிலில் வந்த ஜிப்பா பிழிந்தால் ஒரு குடம் வரும் அளவுக்கு நனைந்திருந்தது. நடு முதுகில் ஓர் இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. உள்ளங்கை ஒன்று. நான்கு விரல் நேராக, சுண்டுவிரல் வளைந்து.

நாய் எழுந்து போனது. இந்த முறை வாலைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு.

ராஜவேலு அருகில் வந்து அந்த இடத்தைத் தொட்டார். தொட்ட விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "ஐஸ் மாதிரி இருக்கு பாய். துணி... துணி உள்ள அமுங்கியே இருக்கு."

"தெரியும்."

"எடுக்கச் சொல்லக் கூடாதா?" ராஜவேலுவின் குரல் காற்றாகத்தான் வந்தது.

"போதும்பான்னு சொன்னா எடுத்துருவான்." ஜான் பாஷா பின்னால் கையைக் கொண்டுபோய், எட்டிய மட்டும், அந்த இடத்தின் ஓரத்தைப் பெருவிரலால் மெல்லத் தடவினார். கண்ணை மூடியிருந்தார். "நான் இன்னும் சொல்லல."

வெளியே ரயில்வே கேட் மூடியது. எங்கோ ஒரு சைக்கிள் பெல் கேட்டது. இல்லை, கேட்டதுபோல இருந்தது.

ஜான் பாஷா டீயை எடுத்துக்கொண்டு ஜெயசீலனின் பெஞ்சில், ஜெயசீலன் பக்கத்தில், நடுவே கொஞ்சம் நகர்ந்து, தனக்கு மறுபக்கம் ஓர் ஆள் உட்கார இடம் விட்டு உட்கார்ந்தார்.

"நடந்துச்சு," என்றார். "அன்னிக்கு இவன் சொன்னதும் நடந்துச்சு. இப்பச் சொன்னதும் நடந்துச்சு. கொய்யாப்பழம் மட்டுந்தான் பொய்."